ஐசோடோப்புகளை அயல்நாடுகளுக்கு அனுப்பலாமா? 1947 விவாதம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி:
அமெரிக்காவின் 1946-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம், அணு ஆற்றலின் தொழில்துறைப் பயன்கள் பற்றிய தகவல்களைப் பிற நாடுகளுடன் பகிர்வதற்குத் தடை விதித்திருந்தது. அப்படியிருக்க, ஓக் ரிட்ஜ் அணு உலையில் உருவான கதிரியக்க ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் நிறை மாறுபட்ட, கதிர் வீசும் அணுக்களை) வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு வழங்க அணுசக்தி ஆணையம் அடுத்த ஆண்டே இசைந்தது எவ்வாறு? அறிவியல் ஆலோசகர்களுக்கு அதில் என்ன பங்கு இருந்தது?

மறுமொழி 1:
அணுக்கருப் பிளவுக்குரிய பொருள்களையும் உலையின் துணைவிளைபொருள்களையும் அந்தச் சட்டமே தனித்தனியாக வகைப்படுத்தியிருந்தது. யுரேனியம்-235, புளூட்டோனியம் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. கார்பன்-14, பாஸ்பரஸ்-32, அயோடின்-131 போன்றவை இரண்டாம் வகை. பின்னவற்றை எவ்வளவு சேர்த்தாலும் தொடர்வினை (ஓர் அணு பிளந்து அடுத்தடுத்த அணுக்களைப் பிளப்பது) நிகழாது. இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் தலைமையில், ஃபெர்மி, ராபி, சீபோர்க், கோனன்ட் முதலான அறிவியலாளர்கள் அமர்ந்திருந்த, ஆணையத்தின் பொது ஆலோசனைக் குழு ஏற்றுமதியை ஆதரித்தது. ஆணையத்தின் ஐவரில் லூயிஸ் ஸ்ட்ராஸ் ஒருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தார். 1947 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற புற்றுநோய் ஆய்வு மாநாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. பெறுவோர் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருந்தது. அந்நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுமொழி 2:
தேவையின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உயிரினங்களுக்குள் ஒரு தனிமம் செல்லும் பாதையைக் கதிரியக்கத்தின் துணையால் பின்தொடரலாம் என்று வேதியியலாளர் ஹெவெசி 1923-லேயே அவரைச் செடிகளில் காட்டிவிட்டார். ஆயினும் சைக்ளோட்ரான்கள் என்னும் துகள் முடுக்கிகள் தந்த மிகச் சிறிய அளவைக் கொண்டு பரந்த ஆய்வு எதையும் நடத்த இயலவில்லை. அணு உலை வந்த பிறகே அந்நிலை மாறியது. பாஸ்பரஸ்-32-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 14 நாள்களே என்பதால், கோப்பு ஒவ்வொரு மேசையிலும் தங்கும் நாள்களில் பொருளே பாதியாகக் குறைந்துவிடும். எனவே விரைந்து முடிவெடுப்பதே அங்கு ஆய்வுக் கொள்கையின் பெரும்பகுதி.

மறுமொழி 3:
ஸ்ட்ராஸின் எதிர்ப்பை முற்றிலும் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பின்னர் இவ்வாறு ஏற்றுமதியான ஐசோடோப்புகளில் ஒன்றான இரும்பு-59 நார்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கே சென்றது; உயர்வெப்பத்தில் எஃகினுள் இரும்பணுக்கள் நகர்வதை ஆராயவே அது கேட்கப்பட்டது. மருத்துவத்துக்கு என்று மக்களிடம் கூறிவிட்டு உலோகவியலுக்கு அனுப்பினால் ஐயம் எழுவது இயல்பே. 1949 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக் குழு இது பற்றி விசாரித்தபோது, ஐசோடோப்புகளை அணுசக்திக்குப் பயன்படுத்த முடியும் என்றால் மண்வெட்டியையும் பீர் புட்டியையும்கூட அணுசக்திக்குப் பயன்படுத்தலாம் என்ற பொருள்பட ஓப்பன்ஹைமர் விடையளித்தார். இயற்பியல் நோக்கில் அவர் கூறியது சரியே. ஆனால் அவையோர் சிரிக்க, ஸ்ட்ராஸ் அங்கேயே அமர்ந்திருந்தார். 1954-இல் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டபோது ஆணையத்தின் தலைவர் அதே ஸ்ட்ராஸ்தான். மாற்றுக் கருத்துடையவரை இணங்க வைக்கும் பொறுமையும் அரசு ஆலோசகரின் கடமையில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பொருளின் தன்மையைக் கொண்டு வரையறுத்த சட்டத்தை, பெறுபவர் யார் என்பதைக் கொண்டு ஸ்ட்ராஸ் அளக்க முயன்றதிலேயே பிணக்கு தொடங்கியதாக இப்போது விளங்குகிறது. இருப்பினும், நார்வே அனுப்பீட்டின் நோக்கத்தை ஆணையம் முன்கூட்டியே வெளிப்படையாக விளக்கியிருக்க வேண்டும் என்பதில் மூன்றாம் மறுமொழியாளருடன் உடன்படுகிறேன்.