டி2 கத்தி 15 வெட்டுக்கே மழுங்குது, சாதா பேனாக்கத்தி 40 தாங்குது: எங்கே தப்பு?

மிளகுக்கொடி, ஏற்காடு

வணக்கம்ங்க. ரெண்டு மடக்குக் கத்தியில எதுக்குக் கூர் அதிக நேரம் நிக்குதுன்னு சோதிச்சுப் பார்த்தேன். கணக்கு தலைகீழா வருது.

முதல் கத்தி டி2 ஸ்டீல் (கருவிகள் செய்யற கடின ஸ்டீல் வகை), பெட்டியில 60 ஹெச்ஆர்சின்னு (ராக்வெல் கடினத்தன்மை அளவு) போட்டிருக்கு. வாயிலிருந்து முதுகு வரைக்கும் அலகோட அகலம் 24 மி.மீ., முதுகுக் கனம் 3.5. ரெண்டாவது விக்டோரிநாக்ஸ் (சுவிஸ் பேனாக்கத்தி) 91 மி.மீ. மாடலோட பெரிய அலகு. அகலம் 13, கனம் 2.4.

தீட்டினது ரெண்டையும் ஒரே மாதிரிதான். கார்பரண்டம் கல்லுல சொரசொரப்புப் பக்கம், நைஸ் பக்கம், அப்புறம் 1000 கிரிட் தண்ணிக்கல், கடைசியா பழைய தோல் பெல்ட்டுல பக்கத்துக்கு 20 இழுப்பு. கோணம் மாறிடக்கூடாதுன்னு முதுகுக்கு அடியில 4 மி.மீ. மரச்சில்லு வெச்சு உயரத்தைப் பிடிச்சுக்கறேன். முடிச்சதும் ரெண்டுமே கை முடியை மழிக்குது.

வெட்டினது மிளகுக்கொடி கட்டுற 12 மி.மீ. தேங்காய்நார்க் கயிறு. 5 வெட்டுக்கு ஒரு தடவை நியூஸ்பேப்பர்ல இழுத்துப் பார்ப்பேன். டி2 15வது வெட்டுலயே பேப்பரைக் கிழிக்குது, சில தடவை 10லயே. விக்டோரிநாக்ஸ் 40 வரைக்கும் போகுது. மூணு ரவுண்டும் இதே கதை. டி2ன்னு சொல்லி ஏமாத்திட்டாங்களா? காந்தம் வெச்சேன், ஒட்டுது.

சாணைக்கல்

காந்தத்தை விட்டுடுங்க. அது ஒட்டலைன்னாதான் சந்தேகப்படணும். பாத்திரத்துக்குப் போற 304 ஸ்டெயின்லெஸ்ல பெரும்பாலும் ஒட்டாது, அதைக் காய்ச்சிப் பதம் ஏத்தவும் முடியாது. கத்தியாகுற ஸ்டீல் அநேகமா எல்லாத்துலயும் ஒட்டும். உங்க விக்டோரிநாக்ஸ்லயும் ஒட்டும், வெச்சுப் பாருங்க.

போலியான்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. தீட்டின உடனே மழிச்சு, 10 வெட்டுல செத்துப்போறது பெரும்பாலும் ஸ்டீலோட குறை இல்லைங்க, பிசிறு. கல்லுல தேய்க்கும்போது வாயோட கடைசி நுனி தகடு மாதிரி மெலிஞ்சு ஒரு பக்கமா மடங்கி நிக்கும். பெல்ட்டுல இழுத்தா அது நிமிர்ந்துக்கும், முடியை அழகா மழிக்கும். கயிறுல பட்டதும் உடைஞ்சோ மடங்கியோ போயிடும். அப்புறம் உங்க கையில இருக்கறது பிசிறு உடைஞ்ச மொட்டை வாய். முடி மழிக்கிறதை அளவுகோலா வெச்சா இது தெரியவே தெரியாது.

பார்க்கிற விதம்: ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரே ஒரு டார்ச். கத்தியை வாய் மேல பார்த்த மாதிரி பிடிச்சு, வெளிச்சம் அலகோட நீளத்துக்கு ஓடுற மாதிரி மெதுவா சாய்ங்க. நல்ல வாயில வெளிச்சம் நிக்க இடமே இருக்காது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினா அங்க பிசிறு இருக்கு, இல்லைன்னா மழுங்கியிருக்கு. அதுல எதுன்னு பிரிக்க, கட்டைவிரல் நகத்தை முதுகிலிருந்து வாய்ப்பக்கமா வெளியே பார்த்து இழுங்க (வாயோட நீளத்துக்கு வேண்டாம், அது விரலை அறுக்கும்). ஒரு பக்கம் மட்டும் நகம் மாட்டினா பிசிறு.

லீபஜார் சேலம்

டி2வுக்கு டயமண்ட் தட்டு வேணும்ங்க. கார்பரண்டத்துல ஏறாது.

சாணைக்கல்

ஏறும். டி2ல கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம் பக்கம். அதுல இருக்கிற குரோமியம் கார்பைடை விட கார்பரண்டம், அதாவது சிலிக்கான் கார்பைடு, கடினமானது. நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான். வெனேடியம் நிறைய போட்ட ஸ்டீல்னா நீங்க சொல்றது சரி.

கவாத்து

அந்த 4 மி.மீ. மரச்சில்லுதான் வில்லன். ரெண்டு கத்திக்கும் ஒரே உயரம் கொடுத்தா ஒரே கோணம்னு நினைச்சுட்டீங்க. உயரம் ஒண்ணா இருந்து அகலம் வேறயா இருந்தா கோணமும் வேறதான்.

கணக்கு லேசு. கல்லுலிருந்து முதுகோட நடு வரைக்கும் உள்ள உயரத்தை அலகோட அகலத்தால வகுத்தா, கோணத்தோட சைன் மதிப்பு வரும். முதுகுக் கனத்துல பாதியைக் கூட்ட மறக்கக்கூடாது.

டி2: 4 + 1.75 = 5.75. அதை 24ஆல வகுத்தா 0.24. அதாவது பக்கத்துக்கு 14 டிகிரி.
விக்டோரிநாக்ஸ்: 4 + 1.2 = 5.2. 13ஆல வகுத்தா 0.4. பக்கத்துக்கு 23.5 டிகிரி.

ஒண்ணு சவரக்கத்தி மாதிரி, இன்னொண்ணு கொடுவாள் மாதிரி. ஸ்டீலை ஒப்பிடறோம்னு நினைச்சு கோணத்தை ஒப்பிட்டிருக்கீங்க. இதுல இன்னொரு சிக்கல்: டி2வுக்குக் கம்பெனி வெச்ச கோணம் 20 பக்கமா இருந்தா, 14ல தேய்க்கும்போது கல்லு வாயைத் தொடாது, அதுக்கு மேல தோள்பட்டையைத்தான் (தீட்டின சரிவு அலகோட சேர்ற விளிம்பு) தேய்க்கும். மார்க்கர் பேனாவால வாயோரம் ரெண்டு பக்கமும் கறுப்பு அடிச்சுட்டு, உங்க வழக்கமான உயரத்துல 5 இழுப்பு மட்டும் இழுங்க. மை எங்க மிச்சம் இருக்குன்னு சொல்லுங்க.

மிளகுக்கொடி, ஏற்காடு

பார்த்துட்டேன்ங்க. டி2ல வலது பக்கம் மை வாய் வரைக்கும் சுத்தமா போயிடுச்சு. இடது பக்கம் வாயை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு அப்படியே நிக்குது, நுனிப்பக்கம் 2 செ.மீ.க்கு இன்னும் தடிப்பா. டார்ச்சுல அந்த 2 செ.மீ. மின்னுது. நகமும் இடது பக்கம் மாட்டுது. விக்டோரிநாக்ஸ்ல ரெண்டு பக்கமும் மை போயிடுச்சு.

கவாத்து

அப்போ விஷயம் முடிஞ்சது. வலது பக்கம் கல்லு வாயைத் தொட்டுப் பிசிறை இடது பக்கம் தள்ளுது. இடது பக்கம் கல்லு எட்டவே இல்லை, அதனால அந்தப் பிசிறை எடுக்க ஆளில்லை. பெல்ட் அதை நிமிர்த்தி வெச்சு உங்களை ஏமாத்துது.

ரெண்டையும் 20 டிகிரிக்குக் கொண்டு வாங்க. டி2வுக்குச் சில்லு 6.5 மி.மீ., விக்டோரிநாக்ஸுக்கு 3.2 மி.மீ. சில்லைக் கல்லு மேலயே விட்டுத் தேய்க்க வேண்டாம். ஆரம்பத்துல உயரம் பார்க்கவும், பத்து இழுப்புக்கு ஒரு தடவை சரிபார்க்கவும் மட்டும்.

சொரசொரப்புப் பக்கத்துல ஒரு பக்கத்தையே தேய்ங்க, எதிர்ப்பக்கம் அடியிலிருந்து நுனி வரைக்கும் விடாம பிசிறு தட்டுற வரைக்கும். நுனியில பிசிறு வராம பக்கம் மாத்தினா திரும்ப இதே தொல்லை. வளைவு வர்ற இடத்துல கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கணும், இல்லைன்னா அந்த 2 செ.மீ. எப்பவும் விட்டுப்போகும். அடுத்து மறுபக்கம். அப்புறம் நைஸ் பக்கத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு.

பிசிறை எடுக்கிறதுலதான் பலபேர் கோட்டை விடறாங்க. கல்லை சமையல் தராசு மேல வெச்சு அழுத்தம் பழகுங்க. கடைசி 10 இழுப்பு 200 கிராமுக்கு மேல காட்டக்கூடாது. வாய் முன்னாடி போற மாதிரி, கல்லுலிருந்து மெல்லிசா ஒரு ஏடு சீவற மாதிரி, இடது ஒண்ணு வலது ஒண்ணு. அதுலயும் போகாத பிசிறுக்கு முதுகை இன்னும் ஒரு மி.மீ. தூக்கிப் பக்கத்துக்கு 3 இழுப்பு, பூ மாதிரி. பிறகு காய்ஞ்ச முருங்கைக் குச்சியோட குறுக்கு வெட்டுல வாயை ரெண்டு தடவை லேசா இழுத்துட்டு, திரும்ப நைஸ் கல்லுல பக்கத்துக்கு 3.

1000 கல்லும் பெல்ட்டும் இந்தச் சோதனைக்கு வேண்டாம். கயிறு அறுக்க சொரசொரப்பான வாய்தான் நிக்கும், கண்ணாடி மாதிரி மெருகேத்தினது வழுக்கும். மரம் சீவ, ஒட்டுக்கட்ட மெருகு நல்லது. எதுவா இருந்தாலும் ரெண்டு கத்திக்கும் ஒரே கல்லுல முடிங்க.

லீபஜார் சேலம்

கயிறைப் பத்தி நான் சொல்றேன், டயமண்ட்ல தோத்துட்டேன் 😀 தேங்காய்நார்க் கயிறுல மண்ணு இருக்கும்ங்க. ஒரு முழத்துல மண்ணு, அடுத்த முழத்துல இல்லை. ஒரு மணல் துகள் வாயில பட்டா 20 வெட்டோட தேய்மானம் ஒரே வெட்டுல ஆயிடும். சணல் கயிறு பரவாயில்லை. தேங்காய்நாரே வேணும்னா ஒரே கட்டுலிருந்து எடுங்க, தரையில போட்டுத் தட்டி உதறுங்க, ஒருநாள் வெயில்ல காயவெச்சு பாலிதீன் பையில கட்டி வைங்க. மேல உங்க ஊர்ல மூடுபனி இறங்கினா கயிறு நமத்துடும், நமத்த நாரும் காய்ஞ்ச நாரும் ஒரே மாதிரி அறுபடாது. காலையில ஒரு கத்தி, சாயங்காலம் ஒரு கத்தின்னு சோதிச்சா அதுவே வித்தியாசம் காட்டும்.

அட்டைப்பெட்டி இன்னும் சுலபம். மாம்பழ சீசன்ல காலிப் பெட்டி மலை மாதிரி கிடக்கும். ஒரே மாதிரிப் பெட்டிகளாப் பார்த்து, அலை போற திசைக்குக் குறுக்கே 30 செ.மீ. கோடு போட்டு அறுங்க. எத்தனை மீட்டர்னு கணக்கு வைக்கலாம். பின்னடிச்ச இடத்தையும் டேப் ஒட்டின இடத்தையும் வெட்டி எறிஞ்சுடுங்க.

சாணைக்கல்

நியூஸ்பேப்பருக்கும் திசை உண்டு. ஒரு பக்கமா கிழிச்சா நேரா வரும், இன்னொரு பக்கமா கிழிச்சா கோணலாப் போகும். கோணலாப் போற திசையிலதான் கத்தி போகணும், அதுதான் கடினம். எப்பவும் அதே திசை, பிடிச்ச இடத்துலிருந்து 3 செ.மீ. தள்ளி.

இதைவிட நம்பகமான முறை வேணும்னா தராசையே பயன்படுத்துங்க. 10 கிலோ சமையல் தராசு மேல ஒரு மரப்பலகை, அது மேல கயிறு. அலகுல 4 செ.மீ. தூரத்தை மார்க்கர்ல குறிச்சு, அந்த இடத்தை மட்டும் வெச்சு ஒரே இழுப்புல அறுங்க. அறுபடும்போது தராசு காட்டின உச்ச எடையைக் குறிச்சுக்கங்க. முதல் 3 வெட்டோட சராசரி ஆரம்ப எடை. அது ரெண்டு மடங்கானதும் நிறுத்துங்க. இதுக்குக் கண்ணும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம். பலகையை மட்டும் மறந்து எடுத்துடாதீங்க, தராசோட கண்ணாடியிலயோ கடப்பாக் கல்லுலயோ ஒரு தடவை வாய் பட்டா அந்த ரவுண்டு வீண்.

வரிசை: முதல் ரவுண்டு டி2 முதல்ல, அடுத்த ரவுண்டு விக்டோரிநாக்ஸ் முதல்ல. கை அசந்துபோறது ஒரே கத்தி தலையில விழக்கூடாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் புதுசாத் தீட்டணும். முதல் ரவுண்டு டி2 மோசமா வந்தா கவலைப்படாதீங்க. கம்பெனியில பெல்ட் கிரைண்டர்ல வாய் வைக்கும்போது நுனி சூடாகிப் பதம் இறங்கியிருக்கலாம், ரெண்டு மூணு தடவை கல்லுல தேய்ச்சா உள்ள இருக்கிற நல்ல ஸ்டீல் வெளிய வரும். சூட்டுல ஸ்டீல்ல வர்ற நீல நிறம் ஏறலைங்கறதால சூடாகலைன்னு அர்த்தமில்லை.

விக்டோரிநாக்ஸ்ல பூட்டு கிடையாது. பலகையில வாய் மாட்டி இழுக்கும்போது விரல் மேல மடங்கிடும், பார்த்து.

மிளகுக்கொடி, ஏற்காடு

செஞ்சாச்சுங்க. ரெண்டும் 20 டிகிரி, நைஸ் பக்கக் கார்பரண்டத்துல முடிச்சது, காய்ஞ்ச கயிறு, தராசு முறை. ஆரம்ப எடை விக்டோரிநாக்ஸ் 2.6 கிலோ, டி2 3.1. எடை ரெண்டு மடங்காக விக்டோரிநாக்ஸுக்கு 46, 51, 44 வெட்டு. டி2வுக்கு 70, 102, 108.

ரெண்டு சந்தேகம். டி2 கூரா இருக்கும்போதே ஏன் அதிக எடை கேக்குது? இன்னொண்ணு, மூணாவது ரவுண்டு முடிச்சுத் திரும்பத் தீட்டித் தோல் உறையில போட்டு வெச்சேன். மறுநாள் எடுத்தா முதல் வெட்டே 4 கிலோ. வெட்டாமலே மழுங்குமா?

கவாத்து

முதலாவது, கனம். வாய்க்கு மேல டி2 அலகு தடியா இருக்கு, கயிறை ஆப்பு மாதிரி பிளந்துட்டுப் போகணும். கூருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அதனாலதான் 'ரெண்டு மடங்கு'ன்னு வெச்சது, 'இத்தனை கிலோ'ன்னு வெச்சிருந்தா டி2 அநியாயமாத் தோத்திருக்கும். 70லிருந்து 102க்குத் தாவினதைப் பார்த்தா, சாணைக்கல் சொன்ன சூடான நுனி உங்க கத்தியில இருந்திருக்கணும்.

ஒவ்வொரு ரவுண்டு முடிவுலயும் ஒரு காரியம் பண்ணலாம். வெறும் தோல்ல, பாலிஷ் கட்டி எதுவும் தடவாம, பக்கத்துக்கு 10 இழுப்பு இழுத்துட்டுத் திரும்ப ஒரு வெட்டு. எடை நல்லா இறங்கினா வாய் மடங்கியிருந்தது. இறங்கலைன்னா தேய்ஞ்சிருக்கு. விக்டோரிநாக்ஸ் 55, 56 ஹெச்ஆர்சிதான், அது மடங்கும், தோல்ல பாதி திரும்பிடும். டி2 திரும்பாது, கல்லுக்குத்தான் போகணும். வெள்ளிப் பட்டறைக்காரங்க வெச்சிருக்கிற 10 மடங்கு லென்ஸ் சேலம் செவ்வாய்ப்பேட்டையில கிடைக்கும், அதுல பார்த்தா பல்லு உடைஞ்சிருக்கான்னும் தெரியும். உடைஞ்சிருந்தா டி2வை 22 டிகிரிக்கு ஏத்துங்க. இல்லைன்னா 18க்கு இறக்கிப் பாருங்க, வெட்டு எண்ணிக்கை இன்னும் கூடும்.

சாணைக்கல்

ரெண்டாவது, துருங்க. டி2ல 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் அதுல ஒரு பங்கு கார்பைடாப் போய் உட்கார்ந்துடும், துருவைத் தடுக்க மிச்சமிருக்கறது போதாது. அலகுல ஒரு புள்ளிகூடத் தெரியாது, ஆனா வாயோட நுனி அவ்வளவு மெலிசு, அங்க ஒரு ராத்திரி ஈரமே போதும். தோல் உறை அந்த ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆரஞ்சோ பலாவோ அறுத்துட்டு அப்படியே மடக்கினா இன்னும் மோசம்.

தீட்டி முடிச்சதும் கழுவி, துணியால முதுகிலிருந்து வாய்ப்பக்கமாத் துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வாய் நீளத்துக்குத் தடவி வைங்க. தேங்காய் எண்ணெயும் அலகுக்குத் தாங்கும், ஆனா ஏற்காட்டுக் குளிர்ல உறைஞ்சுடும், மடக்குற மூட்டுல போட்டா நாளாக நாளாகப் பிசினாகிடும். சோதனைக்கு முன்னாடி எண்ணெயைத் துடைச்சுடுங்க, வழவழப்பு முதல் சில வெட்டோட எடையைக் குறைச்சுக் காட்டும்.

மிளகுக்கொடி, ஏற்காடு

18 டிகிரிக்குச் சில்லு 5.7 மி.மீ.ன்னு வருது, சரியா?

கவாத்து

சரி. 24ஐ 0.309ஆல பெருக்கி 1.75 கழிச்சா 5.67. அடுத்த ரவுண்டுக்குப் புதுக் கயிறுக் கட்டு பிரிச்சா, விக்டோரிநாக்ஸையும் அதே கட்டுல திரும்ப ஒரு தடவை ஓட்டிடுங்க.