கண் பிடிக்கும் மினுக்கல், கண் தவறவிடும் மினுக்கல்: பார்த்ததைப் பகிருங்கள்

ஒளிமானி:
50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. நிலைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அது மினுக்கலாகத் தெரிவதில்லை. ஆனாலும் பழைய சோக் போட்ட டியூப்லைட் மினுக்குகிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. டியூபின் முனைகளை ஓரக்கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு முனையும் சுழற்சியின் ஒரு பாதியில் மட்டுமே கேத்தோடாக (எலக்ட்ரானை வெளிவிடும் எதிர்முனையாக) இருப்பதால் அங்கே 50 ஹெர்ட்ஸ் துடிப்பு உண்டு. டியூப் தேய்ந்து ஒரு திசையில் மின்னோட்டம் குறைந்துவிட்டால் முழு நீளத்திலும் அது பரவிவிடும்.

மினுக்கல் மறையும் அதிர்வெண்ணுக்கு ஒற்றை எண் கேட்பதில் பொருளில்லை. வெளிச்சம் 10 மடங்கு கூடும்போதெல்லாம் அந்த எல்லை ஏறக்குறைய ஒரே அளவு ஏறும். 1892-இல் ஃபெர்ரியும் 1902-இல் போர்ட்டரும் கண்ட விதி இது. பரப்பு பெரிதானாலும் ஏறும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் மட்டும் வேலை செய்யும் மங்கிய ஒளியில் 15 ஹெர்ட்ஸ் அளவிலேயே எல்லாம் கலந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் 60-ஐத் தாண்டியும் துடிப்பு தெரியும்.

சால்டரிங்:
இதைச் சோதிக்க ஒரு அர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), வெள்ளை எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர், முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர் போதும். அர்டுயினோவின் டோன் கட்டளை 50 சதவீத சதுர அலை, அதாவது பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணையும் துடிப்பு, தரும். 31 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது. அது நல்லதே, காரணத்தைக் கீழே யாராவது எழுதுவார்கள். 80-இல் தொடங்கி 1 ஹெர்ட்ஸ் வீதம் இறக்குங்கள். துடிப்பு தெரிந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 35-இலிருந்து ஏற்றுங்கள். இரண்டு எண்களும் பொருந்தாது. மினுக்கலையே பார்த்துக்கொண்டிருந்த கண் சற்று மரத்துப்போகும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஒரு நிமிடம் விட்டு, பல சுற்றுகளின் சராசரியை எடுங்கள். அறை விளக்கை அணைக்க மறந்தால் அதன் 100 ஹெர்ட்ஸும் சேர்ந்து குழப்பும்.

விளக்கையே அளக்க: பிபிடபிள்யூ34 போட்டோடையோடின் (ஒளியை மின்னோட்டமாக மாற்றும் உறுப்பு) கேத்தோடை 5 வோல்ட்டில் கொடுத்து, ஆனோடிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் போட்டு, அதன் குறுக்கே ஆசிலோஸ்கோப்பை (மின்னழுத்தத்தை அலையாகக் காட்டும் கருவி) வையுங்கள். ஸ்கோப் டிசி கப்ளிங்கில், அதாவது மாறாத மின்னழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் அமைப்பில், இருக்க வேண்டும். ஏசியில் வைத்தால் சராசரி ஒளி காணாமல் போய், கணக்கு முழுதும் பொய்யாகிவிடும். உச்சத்திலிருந்து தாழ்வைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் மினுக்கல் சதவீதம். அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள். மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யின் 1789 எண் பரிந்துரைப்படி 100 ஹெர்ட்ஸில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. போன் கேமராவில் தெரியும் கோடுகள் மினுக்கல் இருப்பதைக் காட்டும். எவ்வளவு என்று காட்டாது.

இரவுப்பார்வை:
200 ஹெர்ட்ஸில் துடிக்கும் கார் பின்விளக்கு, பார்வையைச் சட்டென்று திருப்பும்போது புள்ளி வரிசையாகச் சிதறுகிறதே, அதற்கு மேலே சொன்ன எல்லை பொருந்தாது. கண் நொடிக்கு 500 பாகை வேகத்தில் தாவினால் ஒவ்வொரு துடிப்பும் முந்தையதிலிருந்து 2.5 பாகை தள்ளி விழித்திரையில் விழும். அதாவது ஐந்து முழுநிலவு அகல இடைவெளி. வெவ்வேறு இடத்தில் விழுந்த ஒளி எப்படிக் கலக்கும்?

விழித்திரை:
எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மின்னோட்டத்தால் கண்ணைத் தூண்டுவது. ஒளியே இல்லாமல், நெற்றியில் வைத்த மின்முனை வழியாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைந்த மாறுமின்னோட்டம் போனாலே பார்வையின் ஓரத்தில் வெளிச்சம் துடிக்கும். இதைத்தான் பாஸ்ஃபீன் என்கிறோம். வெளிச்சமான அறையில் 20 ஹெர்ட்ஸ் அருகே இது எளிதில் எழும். இருட்டில் அந்த உச்சம் 10 பக்கம் இறங்கும். பின்தலையில் வைத்து மூளையைத் தூண்டியதாகச் சொல்லப்பட்ட சோதனைகளையும் கவனமாகப் படியுங்கள். மின்முனை கண்ணை நெருங்க நெருங்க பாஸ்ஃபீன் வலுப்பதால், மின்னோட்டம் விழித்திரைக்குக் கசிந்திருக்கும் என்ற வாதம் வலுவானது.

பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் பிரிண்ட்லி 1962-இல் வெளியிட்ட சோதனை இன்னும் அழகானது. துடிப்பு தெரியாத அளவு வேகமான ஒளியைக் கண்ணுக்குக் காட்டி, அதிலிருந்து சில ஹெர்ட்ஸ் தள்ளிய மின்னோட்டத்தையும் கண் வழியே செலுத்தினார். இரண்டின் வித்தியாசம் மெதுவான மினுக்கலாகத் தெரிந்தது. ஒளியின் துடிப்பு விழித்திரைக்குள்ளேயே முழுதும் அழிந்திருந்தால், மின்னோட்டத்தோடு சேர்ந்து விம்மல் (இரு துடிப்புகளின் வித்தியாசத்தில் எழும் மெதுவான ஏற்ற இறக்கம்) உண்டாக வழியே இல்லை. நாம் "தெரியவில்லை" என்று சொல்லும் அதிர்வெண்ணிலும் விழித்திரை துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை மழுங்கடிப்பது பின்னால் வரும் நிலைகள்.

வீட்டில் பேட்டரியும் கம்பியும் வைத்து இதைச் செய்யாதீர்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், மெயின்ஸிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்ட மருத்துவக் கருவி இல்லாமல் தலையில் மின்முனை வைக்கவே கூடாது.

ஒளிமானி:
சால்டரிங் விட்டுவைத்த காரணம்: ஒளியால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்களுக்கு 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரைதான் மிக ஆபத்து. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் சுமார் 12 ஹெர்ட்ஸில் மாறி மாறி வந்ததில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். இணையப் பக்கங்களில் நொடிக்கு 3 பளிச்சுக்கு மேல் கூடாது என்ற விதி இந்த ஆபத்துக்காகத்தான். சோதனையில் கலந்துகொள்பவரிடம் வலிப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். எல்இடியைச் சிறிய வட்டமாக வையுங்கள், பார்வை முழுவதையும் நிரப்ப வேண்டாம். தலை கனத்தால் ஒரு கண்ணைக் கையால் முழுதும் மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். இமையை மட்டும் மூடினால் போதாது. வலுவான ஒளி இமை வழியாகவும் உள்ளே வரும்.