அதிகாலை ஜெபத்தை விட்டால் பயம் வருகிறது, இதுவா விடுதலை?

மார்த்தாண்டத்துக்காரன்:
ரட்சிக்கப்பட்டு பதினோரு வருஷம் ஆகிறது. பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுப் பக்கத்திலுள்ள ஒரு சபைக்குப் போகிறேன். "குமாரன் விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலை" என்று சாட்சி சொல்லி வாய் பழகிவிட்டது, ஆனால் நாலு மணி ஜெபத்துக்கு எழும்பாத அன்றைக்கு, ரப்பர் பால் வெட்டப் போகும்போது தோட்டத்தில் பாம்பு கடித்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம். மழையில் இரண்டு மாதம் வெட்டு இல்லை, தசமபாகம் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் ஞாபகம் வந்தது அந்தக் காணிக்கைக் கவர்தான். நகை கூடாது என்கிற சபை, வீட்டுக்காரி கம்மலைக் கழற்றி ஒன்பது வருஷம். தப்பு என்னிடமா, போதனையிலா?

மயிலாடிப் பக்கம்:
அண்ணே, முதலில் ஒன்று. வருமானமே இல்லாத மாதத்தில் எதில் பத்தில் ஒன்று கொடுப்பீர்கள்?
பைபிளில் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தை ஒரே இருப்பில் வாசியுங்கள். விசுவாசம் மட்டும் போதாது, விருத்தசேதனம் என்கிற யூதச் சடங்கும் வேண்டும் என்று சிலர் அந்த மக்களைக் குழப்பினார்கள், பவுலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுபடியும் நுகத்துக்குள் கழுத்தைக் கொடுக்காதீர்கள் என்று 5-ஆம் அதிகாரத்தைத் தொடங்குகிறார். விருத்தசேதனம் இருக்கும் இடத்தில் உங்கள் நாலு மணியையும் அந்தக் கவரையும் வைத்துப் பாருங்கள். ஜெபம் தப்பில்லை. வட்டிக்காரனுக்குப் பயந்து தவணை கட்டுவது மாதிரி ஜெபிப்பதுதான் பிரச்சினை.

ஆரல்வாய்மொழி ஆர்.சி.:
அதற்காக விடுதலை என்றால் சௌகரியம் என்று நினைத்துவிடக் கூடாது. நம்ம நட்டாலத்து தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார். அந்த விசுவாசத்துக்காக அவருக்குக் கிடைத்தது விலங்கும், 1752-ல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டும். சுயாதீனத்தை மாம்சத்துக்குச் சாக்காக்காதீர்கள் என்று அதே 5-ஆம் அதிகாரத்தில்தானே இருக்கிறது?

மயிலாடிப் பக்கம்:
இருக்கிறது, ஆனால் அந்த வசனத்தின் பின்பாதியை விட்டுவிட்டீர்களே. அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்று முடிகிறது. தேவசகாயம் பாம்புக்குப் பயந்தா விசுவாசத்தில் நின்றார்?

நாகர்கோவில் பாட்டி:
மக்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது கொசு கடித்து. வீட்டைச் சுற்றி சிரட்டையில் தண்ணீர் நிற்கிறதா பாரு, அதை முதலில் கவிழ்த்துப் போடு.
அப்புறம் அந்தக் கம்மல். மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக நம்ம ஊர்ப் பெண்கள் பட்ட அடி உனக்குத் தெரியும். 1859-ல் திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது, அதிலும் ரவிக்கை போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்துத்தான் கொடுத்தது. உங்க சபை கொடுக்கிற விடுதலையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அவளாகக் கழற்றினாளா, கழற்ற வைத்தார்களா என்று நீ என்றைக்காவது கேட்டாயா?

மார்த்தாண்டத்துக்காரன்:
கேட்டதில்லை பாட்டி. நேற்று ராத்திரி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாஸ்டரிடம் கேட்டீங்களா?" என்கிறாள். சிரட்டை ஏழெட்டு கவிழ்த்தாச்சு.