காசிமேட்டுப் பிள்ளைகளிடம் ‘இது மீன்’ என்று சொன்ன அன்று

தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பு, 26 பிள்ளைகள். முதல் நாள் கையில் பாடக்குறிப்பு நோட்டு, சார்ட், பட அட்டை எல்லாம் தயார், ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டியவை. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒரு பையன் “ஒன்னுக்கு மிஸ்” என்றான், அனுப்பினேன், அவ்வளவுதான், வரிசையாக எட்டுக் கை தூக்கியாயிற்று. பின்னால் இரண்டு பேர் ஒரு துண்டுப் பென்சிலுக்கு அடித்துக்கொண்டார்கள். “கைய கட்டு, வாய பொத்து” என்று கத்திவிட்டேன். நான் படித்த காலத்தில் எனக்கு அறவே பிடிக்காத வார்த்தை அது. கட்டினார்கள், அரை நிமிடத்துக்கு.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து, ஒரே வகுப்பில் கற்ற அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைப் பிள்ளைகள் இருப்பார்கள். எழுத்திலேயே நிற்கும் அரும்புப் பிள்ளைகளோடு நான் உட்கார்ந்தால், மற்ற இரண்டு குழுவும் கையை விட்டுப் போய்விடும். பயிற்சிக்குப் போகிற எல்லோருக்கும் பெரிய கஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் கல்லூரியில் யாரும் இதை உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் நாள் ‘மீ’ எழுத்துக்காக ஒரு மீன் அட்டை செய்து கொண்டுபோனேன். ஆரஞ்சு நிறம், பெரிய கண், சிரிக்கிற வாய். அரும்புக் குழுவில் ஒரு பையன், அதுவரை என் முகத்தையே பார்க்காதவன், அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இன்னா மீனு மிஸ்?” என்றான். மீன்தான்பா என்றேன். “சும்மா மீனுன்னு ஒண்ணு கெடையாது மிஸ். சங்கரான்னா செவப்பா இருக்கும். இதுக்கு வாலே சரியில்ல.”

சரி, நீயே சொல்லு என்று சாக்பீஸை எடுத்தேன். சங்கரா, வவ்வால், நெத்திலி, வஞ்சிரம், கானாங்கெளுத்தி என்று எழுத எழுத மலர்க் குழுப் பிள்ளைகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். எது முள் அதிகம், எதை எதோடு குழம்பு வைப்பார்கள் என்று ஒரே பேச்சு. சத்தம் முதல் நாளைவிட அதிகம்தான், ஆனால் ஒருத்தர் பார்வைகூடப் பலகையை விட்டு நகரவில்லை. அந்தப் பையனுக்கு ‘ங்’ தெரியாது. மறுநாள் ‘சங்கு’ படத்துக்குக் கீழே விரலை வைத்து, “இது சங்கராவுல வர்றதுதான?” என்று கேட்டான் பாருங்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் மறுநாளும் மீனையே பிடித்துக்கொண்டது என் தப்பு. பத்தாவது நிமிடமே அலுத்துவிட்டது. அதோடு, ஓரத்தில் ஒரு பெண் பிள்ளை முந்தின நாளும் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை, அம்மா வாசலில் இட்லிக் கடை போடுகிறார். சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, உங்கள் கடையில் என்னென்ன இருக்கும், எழுதிக் காட்டும்மா என்றேன். ‘இடலி’ என்று எழுதினாள், புள்ளி இல்லாமல். யாரும் சிரிக்கவில்லை. அவள் கை அடுத்த எழுத்துக்குப் போவதையே மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது.

*

தங்கச்சி, நீ எழுதிய காசிமேட்டு அனுபவத்தைப் படித்தேன். அந்த இட்லிக் கடைப் பிள்ளையின் கைக்கு எட்டியது தரையோரம் கீழே அடித்த பலகையாகத்தான் இருக்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் முறை, தொடங்கியபோது நான் புது டீச்சர். பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டு, பலகையைத் தரையோரம் இறக்கி, பிள்ளைக்கு ஒரு அட்டை கொடுத்தோம். 2007க்குப் பிறகு அது தமிழ்நாடு முழுக்கப் போனது. அதில் எத்தனையோ குறை இருந்தது, அட்டையை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுப்பதிலேயே எங்களுக்குப் பொழுது போய்விடும். ஆனால் டீச்சர் தரையில் உட்கார்ந்தால் பிள்ளை முகம் தெரியும் என்பதை அங்கேதான் கற்றேன். நின்றுகொண்டு நடத்தினால் உச்சந்தலைதான் தெரியும். இப்போது முட்டிவலி, இருந்தாலும் கீழேதான் உட்காருகிறேன்.

*

நானும் உங்களைப் போலப் பயிற்சிக்குப் போனவன்தான், எனக்குக் கிடைத்தது சென்னையிலேயே கொருக்குப்பேட்டை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். கூட்ஸ் வண்டி வந்தால் மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில்தான். இரண்டு நாள் ஜன்னலைச் சாத்தினேன், வெக்கை தாங்காமல் எல்லோருக்கும் எரிச்சல்தான் மிச்சம். அப்புறம் திறந்துவிட்டு, எத்தனை பெட்டி என்று எண்ணுங்கள், பத்துக்கு ஒரு கட்டாக நோட்டில் கோடு போடுங்கள் என்றேன். அவ்வளவு அமைதியாக அந்த வகுப்பை நான் பார்த்ததே இல்லை, வாய் மட்டும் முணுமுணுக்கிறது, பென்சில் ஓடுகிறது. முடிந்ததும் பாதிப் பேர் 43, பாதிப் பேர் 45. என்னிடம் கேட்டார்கள். நான் எண்ணவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். மதிய மணி அடித்தும் இரண்டு பேர் தட்டை எடுக்கவில்லை, அடுத்த வண்டி வரட்டும் சார் என்று ஜன்னலிலேயே நின்றார்கள்.