மறு: செவிப்பறை ஊசியா, நடுச்செவி ஊசியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

திடீரெனக் காது கேளாமற் போனவர்களுக்கான நம் துண்டுப்பிரசுரத்தில், காதுக்குள் போடும் "இன்ட்ராடிம்பானிக்" ஸ்டீரொயிட் ஊசிக்குத் தமிழ்ப்பெயராக ஐயா நேற்று முன்வைத்த "செவிப்பறை ஊசி" காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. இலத்தீனில் டிம்பானம் என்றால் பறை. உடற்கூற்றியலிலோ அது செவிப்பறைச் சவ்வுக்குப் பின்னாலுள்ள காற்றறையான நடுச்செவியையும் குறிக்கும். இன்ட்ராடிம்பானிக் என்பது அந்த அறைக்குள் என்பதே. ஊசி சவ்வைத் துளைத்துப் போகிறது, மருந்து தங்குவது நடுச்செவியில். ஏறத்தாழ அரை மில்லிலீற்றர் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டை விட்டு, காது மேலிருக்க 20, 30 நிமிடம் ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். நடுச்செவியில் தங்கும் மருந்து, உட்செவிக்குப் போகும் வழியிலுள்ள வட்டப் பலகணிச் சவ்வினூடாகக் கசிந்துதான் உட்செவியின் கேட்கும் உறுப்பான நத்தைச்சுருளை அடைகிறது. எனவே "உட்செவி ஊசி"யும் சரிவராது. உட்செவியை ஊசி தொடுவதேயில்லை.

வெள்ளவத்தையில் என் மாமியிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். செவிப்பறை ஊசி என்றதும், "காதுச் சவ்வைக் கிழிக்கப்போறாங்களோ?" என்று பயந்துவிட்டா. (அந்தச் சிறு துளை பெரும்பாலும் தானாக மூடிவிடும் என்று பிறகு சொல்லவேண்டியதாயிற்று.) நடுச்செவி ஊசி என்றதற்கு, "நடுவிலையும் ஒரு காது இருக்கோ?" என்றா. சிரித்தா, பயப்படவில்லை. எனக்கு அது போதும்.

ஸ்டீரொயிட்டுக்கு "ஊக்கமருந்து" வேண்டவே வேண்டாம். விளையாட்டுப் பக்கத்தில் பதக்கம் பறிபோனவரின் செய்திதான் நினைவுக்கு வரும். அது வேறு வகை ஸ்டீரொயிட். சீனி வருத்தக்காரருக்கு ஸ்டீரொயிட் என்ற சொல் ஏற்கெனவே பழக்கம். குளிசையாகக் குடித்தால் சீனி ஏறும் என்பதால்தானே அவர்களில் பலருக்கு நேரே காதுக்குள் ஊசி போடுகிறார்கள். ஸ்டீரொயிட் ஸ்டீரொயிட்டாகவே இருக்கட்டும்.

நோயின் பெயருக்கு "திடீர்ச் செவிடு" என்று ஒருவர் எழுதியிருந்தார். செவிடு என்பது வசைச்சொல்லாகிப் பல காலம். "கேள்வியிழப்பு" அழகு, ஆனால் வள்ளுவர் காலத்துக் கேள்வி இன்று வினாவாகிவிட்டது. நம் நாட்டில் செவிப்புலன் புழக்கத்தில் இருக்கிறதே, "திடீர்ச் செவிப்புல இழப்பு" என்போம். சடுதியை விடத் திடீர் நல்லது. 72 மணித்தியாலத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் கேட்கும் திறன் 30 டெசிபெலாவது குறைவதுதான் இதன் வரைவிலக்கணம். சனமோ குரும்பி, தடிமன் என்று நாட்களைக் கடத்துகிறது. ஸ்டீரொயிட்டைத் தொடங்க முதல் இரண்டு கிழமைதான் உகந்த காலம். பெயரிலேயே அவசரம் தெரியவேண்டாமா?

மிஞ்சியது ஒன்று. முதற் சிகிச்சையில் குணம் காணாதவர்களுக்கு இரண்டாம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் இடையில் போடும் ஊசியை "மீட்புச் சிகிச்சை" என்கிறார் நண்பர். எல்லோருக்கும் கேட்கும் திறன் மீள்வதில்லை. துண்டுப்பிரசுரத்தில் அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. "இரண்டாம் கட்ட ஊசி" என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; மறுப்பிருந்தால் அதற்கு முன் எழுதுங்கள்.