மெக்கானிக்கிடம் போனால் ஒழுங்காகத் தைக்கும் மெஷின்: மகளின் படபடப்பும் ஆறு மாத அலைச்சலும்

கோவில்பட்டி அம்மா:

மகளுக்கு எட்டு வயது. போன வருடம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம், டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, "அம்மா, நெஞ்சுக்குள்ள உன் தையல் மெஷின் ஓடுது" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துத்தான் கை வைத்துப் பார்த்தேன். எண்ண முடியாத வேகம். உதடு வெளுத்திருந்தது. பத்து நிமிடம் இருக்கும், "நின்னுட்டும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த "நின்னுட்டு"தான் பெரிய துப்பு என்று அப்போது தெரியாது. காய்ச்சல், பயம், ஓட்டம் இவற்றால் துடிப்பு கூடினால் மெல்ல ஏறி மெல்லத்தான் இறங்குமாம். சட்டென்று தொடங்கி சட்டென்று நின்றால் அது வேறு சங்கதி.

மாமியார் வாய்வு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார். திருநீறு போட்டு மந்திரித்தோம், அதையும் மறைக்கவில்லை. ஒன்றரை மாதம் வராமல் இருந்ததால் மந்திரித்தவருக்கு நல்ல பேர்.

அப்புறம் ஆஸ்பத்திரி. போய்ச் சேரும்போது துடிப்பு 94, இந்த வயதுக்குச் சரியான அளவு. ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். இன்னொரு இடத்தில் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, "வீட்டில் சண்டையா?" என்று எங்களைக் கேட்டார்கள். ஸ்கூலுக்குப் போகப் பயந்து நடிக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். படபடப்பு வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளுமாக இருந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டி 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை மாட்டினார்கள். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கழற்றிய நாலாம் நாள் வந்தது.

வீட்டில் தையல் விட்டு விட்டு விழும் மெஷின், மெக்கானிக் கை வைத்ததும் முத்து முத்தாகத் தைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் காணாமல் போகும் இந்தப் படபடப்பும் அப்படித்தான். தையல்காரர்களுக்கு இது புரியும்.

வழி காட்டியது ஒரு நர்ஸ் அக்கா. "அடுத்த தடவை வரும்போது பதறாம கழுத்தை வீடியோ எடு, எப்ப தொடங்குச்சு எப்ப நின்னுச்சுன்னு எழுதி வை" என்றார். ரவிக்கை அளவு எழுதும் நோட்டிலேயே எழுதினேன். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு, கழுத்துக் குழியில் துடிப்பதை எண்ணினால் 15 நொடியில் 54. நிமிடத்துக்கு 216!

அதைப் பார்த்த மதுரை இதய டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: படபடப்பு இருக்கும்போதே, எந்த ஊசியும் போடும் முன், 12 லீட் ஈசிஜி (12 கோணத்தில் பதியும் முழு ஈசிஜி) எடுக்கவும். லேமினேட் செய்து ஸ்கூல் பையில் ஒன்று, என் பர்ஸில் ஒன்று வைத்தேன். தை மாதம் விடிகாலையில் வந்தபோது அந்தச் சீட்டை நீட்டினேன். முதலில் ஈசிஜி எடுத்தார்கள், 212. முகத்தில் ஐஸ் வைத்தும் படபடப்பு நிற்கவில்லை. அப்புறம் அந்த வேகத்தை முறிக்கும் அடினோசின் ஊசி. திரையில் ஒரு கணம் கோடு நேராக ஓடியது. முன்பே சொல்லி வைத்திருந்தும் என் காலில் பலம் இல்லை. பிறகு துடிப்பு சாதாரணமாக வந்தது. "நெஞ்சை யாரோ அமுக்குனாங்க" என்றாள்.

நோயின் பேர் எஸ்விடி, இதயம் திடீரென்று மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு. இதயத்தில் மின்சாரம் போகும் பாதையோடு கூடுதலாக ஒரு கள்ளப்பாதை. இவளுக்கு அது திரும்பி வருகிற திசையில் மட்டும் வேலை செய்வதால் சும்மா இருக்கும்போது எடுத்த ஈசிஜியில் தெரியவே தெரியாதாம். முழுப் பரீட்சை லீவில் தொடை வழியாகக் கம்பி செலுத்தி அந்த இடத்தைச் சூடு வைத்து அடைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

திருச்சி அப்பா:

எட்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்லிவிட்டது. எங்களுடையது நாற்பது நாள் குழந்தை. பால் குடிக்கவில்லை, தலை வியர்த்துக் கொட்டியது, முனகல். சளி என்று இரண்டு நாள் சொட்டு மருந்து கொடுத்தோம், இன்றைக்கும் உறுத்துகிறது. துடிப்பு 270, அதே எஸ்விடி. பையில் ஐஸ் தண்ணீர் நிரப்பி டாக்டர் நெற்றியிலும் முகத்திலும் சில நொடிதான் வைத்தார், படபடப்பு நின்றது. (வீட்டில் நீங்களாகச் செய்து மூக்கை அடைத்துவிடாதீர்கள்.) துடிப்பைக் கட்டுப்படுத்தும் ப்ரோப்ரனலால் மருந்தை ஒரு வயது வரை கொடுத்து நிறுத்தினோம். கைக்குழந்தைகளில் பலருக்கு இப்படித் தானாக அடங்கிவிடுமாம்.

பதினான்கு வயதுப் பெண்ணின் அம்மா:

எங்களுக்கு உல்டா. மாடிப்படி ஏறினால் படபடப்பு என்றதும் எஸ்விடி என்று நானே முடிவு செய்து சென்னை வரை ஓடினேன். ஹீமோகுளோபின் 7.2, ரத்தசோகை. மாதவிடாய் அதிகம், சாப்பாடு கொறிப்பு. பூச்சி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, மூன்று மாதத்தில் சரி. சின்ன ரத்தப் பரிசோதனையை முதலில் செய்திருக்கலாம்.

ஈரோடு மாமா:

வீசிங்குக்கு நெபுலைசர் வைத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதில் போடும் சால்பியூட்டமால் செய்கிற வேலை. மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

தூத்துக்குடி அம்மா:

ஒன்று மட்டும். படபடப்போடு மயக்கம் வந்தால், அதுவும் ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால், வீடியோ எடுக்கக் காத்திருக்காதீர்கள். என் மகன் ஓட்டப்பந்தயத்தில் விழுந்தான். வெயில் மயக்கம் என்று சோடா கொடுத்தார்கள். லாங் க்யூடி என்ற இதய மின்னோட்டக் கோளாறு அது. பரம்பரையாக வரக்கூடியது என்று வீட்டில் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். எனக்கும் இருந்தது.

திருச்சி அப்பா:

கோவில்பட்டி அக்கா, ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டலாமா?

கோவில்பட்டி அம்மா:

நானும் கேட்டேன். ஆப்பிள் வாட்ச் ஈசிஜி 22 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். சின்ன மணிக்கட்டில் அது லூசாக ஆடும், கணக்கும் தப்பும். அந்தக் காசுக்கு நல்ல தையல் மோட்டார் வாங்கிவிட்டேன். சத்தம் கேட்டால் மட்டும் இன்னும் ஒரு தடவை அவள் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.