மறு: அலைவியைக் குளிர்விப்பதா, ஆற்றுவதா?

குழுவினர்க்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை இயற்பியல் பாடம் அச்சுக்குப் போக வேண்டும். அலைவியின் (ஊசல்போல முன்னும் பின்னும் ஆடும் பொருள், oscillator) ஆட்டத்தை அடக்குவதை ஆங்கிலத்தில் ‘cooling’ என்கிறார்கள்; அதற்குத் தமிழில் எந்த வினை என்ற இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. ‘குளிர்வித்தல்’ போதும் என்று ஐந்து பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

2021-இல் லைகோவில் (ஈர்ப்பலைகளைக் கண்டறியும் அமெரிக்க ஆய்வகம், LIGO) செய்ததைப் பாருங்கள். 40 கிலோ கண்ணாடிகள் நான்கு. அவற்றின் கூட்டசைவு 10 கிலோ ஊசல் ஒன்றின் ஆட்டத்துக்குச் சமம். எந்தப் பக்கம் நகர்கிறது என்று லேசரால் அளந்து, எதிர்ப்பக்கம் மெல்லத் தள்ளித் தள்ளியே அந்த ஆட்டத்தை 77 நானோகெல்வினுக்கு, அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே, இறக்கினார்கள். கண்ணாடி என்னவோ அறை வெப்பத்தில்தான் தொங்கியது. அடங்கியது ஆட்டம் மட்டும்.

காபியை ஆற்றுகிறோம். ஔவை ‘ஆறுவது சினம்’ என்கிறார். சூடு இறங்குவதும் கொந்தளிப்பு அடங்குவதும் நம் மொழியில் ஒரே வினை. அலைவிக்கு அதன் நடுக்கமே சூடு. இதைவிடப் பொருத்தமான வினை எங்கே கிடைக்கும்?

யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது சரி, ‘ஆற்றுகை’ அங்கே நாடக மேடைச் சொல். ‘ஆற்றல்’ என்று வைத்தால் ‘ஆற்றலை ஆற்றல்’ என்று எழுத நேரும். அதனால்தான் ‘ஆறவைத்தல்’ என்கிறேன். ஆறிய பொருள் அறை வெப்பத்துக்குக் கீழே போகாதே என்று ஐயா கேட்டிருந்தார். பொருளுக்கு அது சரி, ஐயா. சினம் ஆறுவதற்கு அப்படி ஓர் எல்லை உண்டா?

அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகத்தில் 2011-இல் செய்த அலுமினிய மத்தளத்தையும் பாருங்கள். 100 நானோமீட்டர் தடிமன் உள்ள சவ்வு. முதலில் குளிர்பதனக் கருவியில் வைத்து முழுவதையும் குளிர்வித்தார்கள். அப்புறம் நுண்ணலை செலுத்தி, அதன் ஒரே ஓர் அதிர்வை மட்டும் சராசரி 0.34 ஃபோனான் (அதிர்வாற்றலின் மிகச் சிறிய துணுக்கு) வரை இறக்கினார்கள். வேலை இரண்டு. இரண்டுக்கும் ‘குளிர்வித்தல்’ என்றே எழுதினால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

(ஃபோனானை ‘ஒலியன்’ ஆக்க வேண்டாம். மொழியியலார் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.)

சரி, பெரும்பான்மைப்படி தலைப்பில் ‘குளிர்வித்தல்’ இருக்கட்டும். மத்தளப் பத்தியில் ‘ஆறவைத்தல்’ என்றே எழுதி அனுப்புகிறேன். அந்த இடத்தில் வேறு சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.